ஆர்ச் கேட்டின் இருபுறமும்: நெய்வேலியில் காவலின் முன்னுரிமையை யார் வகுப்பது?

ஒரு காவல் நிலையம் எதை முக்கியமாகக் கருதுகிறது என்பதை அறிய அதன் கோப்புகளைப் புரட்ட வேண்டியதில்லை. இரவு ரோந்து வரும் காவலர் கையெழுத்திடும் பட்டா புத்தகம் எங்கெல்லாம் வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். வங்கி வாசல், ஏ.டி.எம். அறை, நகைக்கடை ஷட்டர் ஓரம், கோயில் சுவர். ஓரம் மடங்கிய ஒரு நோட்டு. பக்கம் பக்கமாகத் தேதி, நேரம், கையெழுத்து. சில இடங்களில் அது க்யூஆர் குறியீடாக மாறியிருக்கிறது. நோட்டானாலும் குறியீடானாலும் அது இருக்க வேண்டிய இடத்தை முடிவுசெய்பவர் இன்ஸ்பெக்டர். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறங்கும் பேருந்து நிறுத்தத்திலும் ஒன்று வையுங்கள் என்று கேட்க ஊராருக்கு ஒரு சபை உண்டா? கேட்டால் பதில் சொல்லும் கடமை நிலையத்துக்கு உண்டா? இந்தக் கட்டுரை இந்த இரண்டு கேள்விகளைப் பற்றியது.

தமிழகத்தின் எந்த ஊரிலும் இவற்றுக்கு நிறைவான பதில் இல்லை. நெய்வேலியிலோ கேள்வியைக் கேட்க வேண்டியவரே இல்லை.

1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது. கிராமங்கள் பெயர்க்கப்பட்ட மண்ணில் வட்டம் வட்டமாகக் குடியிருப்புகள் எழுந்தன. அகலமான சாலைகள், இருபுறமும் மரங்கள், வட்டத்துக்கு ஒரு பள்ளி, பொது மருத்துவமனை என்று அன்றைய தென்னார்க்காட்டில் வேறெங்கும் காணாத ஒழுங்கோடு அந்த நகரியம் உருவானது. குடிநீர், சாலை, தெருவிளக்கு, குப்பை, வீட்டு ஒதுக்கீடு எல்லாவற்றையும் இன்றுவரை பார்த்துக்கொள்வது நிறுவனத்தின் நகர நிர்வாகம். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1 லட்சத்தைத் தாண்டிய ஊர் இது. இந்த அளவுள்ள வேறு ஊரில் நகராட்சி இருக்கும்; தலைவரும் வார்டுக்கு ஒரு கவுன்சிலரும் இருப்பார்கள். நெய்வேலி நகரியத்தில் அப்படி ஒருவரும் இல்லை.

இது சட்டத்துக்குப் புறம்பானது அல்ல. 1993 ஜூனில் நடப்புக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகரங்களுக்குத் தேர்தலோடு கூடிய நகராட்சியைக் கட்டாயமாக்கியது. ஆனால் 243கியூ பிரிவில் ஒரு விலக்கும் வைத்தது. ஒரு தொழில் நிறுவனமே நகராட்சிச் சேவைகளை வழங்கும் இடத்தை ஆளுநர் தொழில் நகரியமாக அறிவிக்கலாம். அங்கே நகராட்சி அமைக்கத் தேவையில்லை. ரூர்கேலாவில் உருக்காலைக் குடியிருப்பு இப்படித்தான் மாநகராட்சிக்கு வெளியே நிற்கிறது. ஜாம்ஷெட்பூரில் நகராட்சி வேண்டுமா நகரியம் போதுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று பல பத்தாண்டுகள் நீடித்தது. குழாயில் தண்ணீர் வருகிறதா, குப்பை அள்ளப்படுகிறதா என்பதோடு இந்த விவாதம் பெரும்பாலும் முடிந்துவிடும். காவல் நிலையத்தின் எதிரே ஊரின் சார்பில் உட்கார ஒருவர் வேண்டாமா என்ற கேள்வி அதில் எழுந்ததேயில்லை.

நகரியத்தின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டைத் தாண்டினால் நிலைமை வேறு. மந்தாரக்குப்பத்தை உள்ளடக்கிய கங்கைகொண்டான் பேரூராட்சிக்கு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. 2021இல் நகராட்சியாக உயர்ந்த வடலூருக்கும் அப்போதே நடந்தது. அங்கெல்லாம் கவுன்சிலர்கள் வந்தார்கள். வடக்குத்து, இந்திரா நகர் போன்ற ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களும் வார்டு உறுப்பினர்களும் இருந்தார்கள். அவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போயிற்று. ஒரு சாலைக்கு இந்தப் பக்கம் கவுன்சிலரே கிடையாது; அந்தப் பக்கம் இருந்த ஊராட்சி உறுப்பினரும் வீட்டுக்குப் போய்விட்டார். திருடனுக்கும் ரோந்து வண்டிக்கும் ஆர்ச் கேட் எல்லை அல்ல. மக்களின் குரலுக்கு மட்டும் அது எல்லையாக நிற்கிறது.

காவலுக்கும் கவுன்சிலருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சட்டப்படி பார்த்தால் மிகக் குறைவு. அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை நகராட்சிகளுக்குரிய 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. காவல் அதில் இல்லை. ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையின் 29 பணிகளிலும் இல்லை. காவல்துறை முழுக்க மாநில அரசின் பொறுப்பு. மாவட்டக் கண்காணிப்பாளர் மேலே பதில் சொல்பவரே தவிரப் பக்கவாட்டில் சொல்ல வேண்டியவர் அல்லர். ஆனால் அதே பன்னிரண்டாம் அட்டவணையில் தெருவிளக்கு இருக்கிறது, பேருந்து நிறுத்தம் இருக்கிறது, வாகன நிறுத்துமிடமும் பூங்காவும் இருக்கின்றன. செயின் பறிப்பு நடக்கும் சந்தில் முதலில் எரிய வேண்டியது விளக்கு. ரோந்து அதற்குப் பிறகுதான். ஆகவே காவலின் பாதி வேலை உள்ளாட்சியின் கையில் இருக்கிறது, நெய்வேலியில் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. காவல்துறையும் நிர்வாகமும் ஒரே மேசையில் உட்காராத வரை, விளக்கு இல்லாததால் ரோந்து பயனில்லை என்று நிலையமும், ரோந்து இல்லாததால் விளக்கை உடைக்கிறார்கள் என்று நிர்வாகமும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

தமிழகம் மக்களைக் காவலோடு சேர்க்க முயலாத மாநிலம் அல்ல. முயன்ற விதத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு தன் அறிக்கையைத் தந்தது. வரிவசூலும் காவலும் ஒரே கையில் இருந்ததால் குடிமக்கள் பட்ட அடியை அது பதிவுசெய்தது. அதன் பின்னணியில்தான் 1859ஆம் ஆண்டின் காவல் சட்டம் பிறந்தது. ஊர்க்காவலும் தலையாரியும் ஓரத்துக்குப் போக, சீருடை அணிந்த மாகாணக் காவல்படை நடுவில் வந்தது. அடியைத் தடுக்கப் பிறந்த அமைப்பில் அடி நிற்கவில்லை; ஆனால் ஊருக்கும் காவலுக்கும் இருந்த பழைய கணக்கு வழக்கு மட்டும் அறுந்தது.

அதை மறுபடி கட்ட 1993இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு முயற்சி தொடங்கியது. அப்போது அங்கே கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் ‘காவல்துறை நண்பர்கள்’ என்ற அமைப்பை உருவாக்கினார். அடுத்த ஆண்டே அது மாநிலம் முழுவதும் விரிந்தது. இளைஞர்கள் காவலர்களோடு இரவு ரோந்து போனார்கள், திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார்கள், போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டார்கள். நல்லெண்ணத்தில் தொடங்கியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த இளைஞர்களிடம் கேட்கப்பட்டது உழைப்பு. உங்கள் தெருவுக்கு எது முதலில் வேண்டும் என்ற கேள்வி அவர்கள் முன் ஒரு சபையாக வைக்கப்படவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதையில் உயிரிழந்தபோது இந்த அமைப்பின் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. மத்தியப் புலனாய்வுத் துறை குற்றப்பத்திரிகையில் நிறுத்தியது காவலர்களைத்தான் என்றாலும், ஜூலையிலேயே அரசு ‘காவல்துறை நண்பர்கள்’ அமைப்புக்குத் தடை விதித்துவிட்டது. ஏறத்தாழ 27 ஆண்டு வாழ்ந்த திட்டம் ஒரே அரசாணையில் மறைந்தது. அதற்காகத் தெருவில் இறங்கிக் குரல் கொடுக்க ஊர் எதுவும் வரவில்லை. அது ஊரின் சொத்தாக இருந்ததேயில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

திருச்சியில் நடந்தது இதைவிட ஆழமானது. 1999இல் அங்கே மாநகரக் காவல் ஆணையராக வந்த ஜே.கே. திரிபாதி நகரைச் சிறு பீட்டுகளாகப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட காவலர்களை நிலையாக அமர்த்தினார். குடிசைப் பகுதிகளைக் காவல்துறை தத்தெடுத்தது. நகரின் பல இடங்களில் புகார்ப் பெட்டிகள் வைக்கப்பட்டன. பெயர் சொல்லி அழைக்கக்கூடிய காவலர் ஒருவர் தெருவுக்குக் கிடைத்தார். அந்தப் பணி தேசிய அளவில் பேசப்பட்டது. திரிபாதி பின்னர் மாநிலக் காவல்துறைத் தலைவராகவும் ஆனார். இருந்தும் அது சட்டமாகவில்லை. நல்ல அதிகாரி வரும்போது வருவதும் அவர் மாற்றலாகும்போது தேய்வதும் நம் ஊரில் வழக்கம். சென்னையில் 2017க்குப் பிறகு ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் கண்காணிப்புக் கேமராக்கள் பெருகின. வணிகர்களும் குடியிருப்போர் சங்கங்களும் பணம் போட்டார்கள். குற்றங்களைத் துப்புத்துலக்க அவை உதவின, மறுப்பதற்கில்லை. ஆனால் பணம் போட முடிந்த தெருவுக்குக் கண் வந்தது, முடியாத தெரு இருட்டில் நின்றது. அங்கே முன்னுரிமையை வகுத்தது வசதி.

இந்த முயற்சிகள் அனைத்திலும் ஒரு பொது அம்சத்தைக் காண்கிறேன். தமிழகக் காவல்துறை மக்களிடம் கண்ணைக் கேட்டது, காதைக் கேட்டது, கையைக் கேட்டது, பணத்தையும் கேட்டது. கருத்தை மட்டும், பதில் சொல்லும் கடமையோடு, கேட்கவில்லை. இன்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகங்களில் புதன்கிழமைதோறும் குறைதீர் கூட்டம் நடக்கிறது. நெய்வேலி அடங்கிய கடலூர் மாவட்டத்திலும் நடக்கிறது. பயனுள்ள ஏற்பாடு. ஆனால் அங்கே வருபவர் தன் மனுவோடு தனியாக வருகிறார். நிலத்தகராறு, பணமோசடி, நடவடிக்கை எடுக்கப்படாத புகார். ஊர் ஊராக வந்து, அடுத்த மூன்று மாதம் இந்த மூன்றைக் கவனியுங்கள் என்று சொல்லும் இடமாக அது அமையவில்லை.

கருத்தைக் கேட்ட ஊர்களின் அனுபவம் என்ன? மகாராஷ்டிரத்தின் பிவண்டி 1984இல் கலவரத்தில் எரிந்த நெசவு நகரம். 1988இல் அங்கே துணை ஆணையராக வந்த சுரேஷ் கோபடே இரு சமயத்தாரும் உட்காரும் மொகல்லா குழுக்களை அமைத்தார். பெரிய தலைகளைத் தேடாமல் சாதாரணத் தெருவாசிகளைச் சேர்த்தார். கலவரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிய குழுக்கள் நாளடைவில் அன்றாடச் சச்சரவுகளைப் பேசின. 1992 டிசம்பரில் மும்பை பற்றி எரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது. காவலர் ஒருவரும் தெருவாசி ஒருவரும் சாதாரண நாட்களில் பேசிப் பழகியிருந்தால்தான் அசாதாரண நாளில் அந்தப் பேச்சு உதவும். நெய்வேலியைப் பொறுத்தவரை இது முக்கியமான பாடம், பின்னால் வருகிறேன்.

கேரளம் இதை மாநிலத் திட்டமாக்கியது. 2008 மார்ச்சில் 20 நிலையங்களில் ‘ஜனமைத்ரி சுரக்ஷா’ தொடங்கியது. சுமார் 500 வீடுகளுக்கு ஒரு பீட் காவலர். அவர் வீடு வீடாகப் போய் அறிமுகமாக வேண்டும். நிலைய அளவில் ஒரு சமிதி மாதந்தோறும் கூடும். கட்சிப் பொறுப்பாளர்களைத் தவிர்த்தாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர்களுக்கு இடம் உண்டு. 2011ஆம் ஆண்டின் கேரளக் காவல் சட்டம் சமூகத் தொடர்புக் குழுவுக்குச் சட்ட அடித்தளமும் தந்தது. அதன் பலவீனமும் வெளிப்படை: உறுப்பினரைத் தேர்வது காவல்துறையே. ஆசிரியர், வணிகர், ஓய்வுபெற்ற அலுவலர் என்று மரியாதைப்பட்டவர்கள் வருவார்கள். புலம்பெயர்ந்த தொழிலாளியும் கூலிக்காரப் பெண்ணும் வருவது அரிது.

இந்தக் குறை கேரளத்துக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1993இல் ஐந்து காவல் மாவட்டங்களில் தொடங்கிய திட்டத்தில் பீட் அளவிலான மாதக் கூட்டங்கள் நடந்தன. அவற்றைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த வெஸ்லி ஸ்கோகன் குழுவினர் கண்டது, சொந்த வீடு உள்ளவர்களும் வயதானவர்களும் அதிகம் வருகிறார்கள், ஸ்பானிய மொழி பேசும் வாடகைக் குடும்பங்கள் வருவதில்லை என்பது. இங்கிலாந்தில் 2003 முதல் 2005 வரை 8 காவல்படைகளின் 16 வார்டுகளில் ஒரு சோதனை நடந்தது. குடியிருப்பவர்களிடம் எது உங்களை அச்சுறுத்துகிறது என்று கேட்டு, அதை முன்னுரிமையாக ஏற்று, என்ன செய்தோம் என்று திரும்பிவந்து சொன்னார்கள். மக்களை அஞ்சவைத்தது பெரும்பாலும் பெரிய குற்றமல்ல. உடைந்த விளக்கு, குடித்துவிட்டுக் கூச்சலிடும் கூட்டம், வேகமாகப் பறக்கும் வண்டி. நம்பிக்கை கூடியது என்று மதிப்பீடு காட்டியது. திட்டம் நாடு முழுவதும் போயிற்று. 2011இல் அப்படிக் கூட்டம் நடத்துவதைச் சட்டமே கடமையாக்கியது. அதே ஆண்டுகளில் அங்கே நிதி வெட்டால் காவலர் எண்ணிக்கை ஏறக்குறைய 20,000 குறைந்தது. தெருக்காவலர்கள் அவசர அழைப்புகளுக்கு இழுக்கப்பட்டார்கள். சட்டம் இருந்தும் ஆள் இல்லாமல் போனது.

தென்னாப்பிரிக்காவைத் தனியாகச் சொல்ல வேண்டும். நிறவெறி ஆட்சி முடிந்ததும் 1995ஆம் ஆண்டின் காவல் சட்டம் ஒவ்வொரு நிலையத்துக்கும் சமூகக் காவல் மன்றத்தைக் கட்டாயமாக்கியது. உலகில் மிக முற்போக்கான ஏற்பாடுகளில் அது ஒன்று. ஆனால் 2021 ஜூலைக் கலவரத்தில், தமிழ் வம்சாவளியினர் உள்ளிட்ட இந்தியர் பெருமளவில் வாழும் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில், காவல்துறை காணாமல் போனபோது குடியிருப்பவர்களே ஆயுதம் ஏந்திச் சாலைகளை மறித்தார்கள். கறுப்பின மக்கள் 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். என் தெருவுக்கு நானே காவல் என்ற உணர்வு எல்லை மீறினால் எங்கே போய் நிற்கும் என்பதைத் தமிழர்களும் வாழும் ஒரு ஊரே காட்டிவிட்டது. முன்னுரிமை சொல்வது வேறு, தடி எடுப்பது வேறு. இந்தக் கோட்டை முதல் நாளே வரையாத எந்தத் திட்டத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

நெய்வேலிக்குத் திரும்புவோம். இந்த வட்டாரத்தில் காவல்துறையின் மீதான நினைவு லேசானதல்ல. 1993இல் சுரங்கப் பகுதியை ஒட்டிய முதனை கிராமத்தைச் சேர்ந்த குறவர் சமூகத்தவர் ஒருவர் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். 2021இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்தின் மூலம் அந்த வழக்குதான். 2014 மார்ச் 17 அன்று சுரங்க வாயிலில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வீரர் ஒருவர் சுட்டதில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இறந்தார். ஊர் கொந்தளித்தது, தடியடி நடந்தது. 2020 நவம்பரில் காடாம்புலியூரைச் சேர்ந்த முந்திரி வியாபாரி ஒருவர் சிறைக்காவலில் இறந்தார். நெய்வேலி நகரியக் காவல் நிலையத்தில் அவர் தாக்கப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டு சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்குப் போயிற்று. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின் மீது, சுரங்கப் பணிக்காக நிறுவனத்தின் இயந்திரங்கள் இறங்கின. 28ஆம் தேதி ஆர்ச் கேட் அருகே நடந்த போராட்டம் கல்வீச்சாகவும் கண்ணீர்ப்புகையாகவும் முடிந்தது, காவல்துறை வானத்தை நோக்கிச் சுட்டது.

இந்த நிகழ்வுகளில் பலவற்றிலும் நிறுவனம் ஒரு தரப்பு, நிலமோ வேலையோ இழந்தவர் மறு தரப்பு, நடுவில் சீருடை. சுரங்கத்துக்குள் தொழிற்பாதுகாப்புப் படை, வெளியே மாநிலக் காவல்துறை என்ற வேறுபாடு பொதுமக்கள் பார்வையில் அழிந்துவிடுகிறது. நிறுவனத்தின் சொத்தைக் காப்பதே காவலின் முதல் வேலை என்ற எண்ணம் சுற்றுக் கிராமங்களில் ஊறியிருக்கிறது. அந்த எண்ணம் எவ்வளவு நியாயம் என்பது விவாதத்துக்குரியது. அது இருக்கும்வரை ஒரு திருட்டைப் பற்றித் தகவல் சொல்லவும் நிலையத்துக்குப் போக மனம் வராது என்பது விவாதத்துக்கு அப்பாற்பட்டது. பிவண்டியின் பாடம் இங்கேதான் பொருந்துகிறது. பேச்சுவார்த்தை நிலம் அளக்கும் நாளில் தொடங்கினால் பயன் இல்லை.

முன்னுரிமையைக் கேட்டால் இங்குள்ளவர்கள் என்ன சொல்வார்கள்? ஒரே பட்டியல் வராது. குவார்ட்டர்ஸ்வாசி பூட்டிய வீட்டைச் சொல்வார். பிள்ளையைப் பார்க்க வெளியூர் போய்த் திரும்பும்போது கதவு நெம்பப்பட்டிருக்கும் என்ற பயம் நகரியத்தில் எல்லாருக்கும் உண்டு. வட்டத்துக்குள் ஆளில்லாமல் கிடக்கும் பழைய வீடுகளைச் சொல்வார். செடி மண்டி, ஜன்னல் கழன்று, பகலிலேயே குடியும் கஞ்சாவும் புழங்க வசதியான இடங்கள் அவை. மரநிழலில் ஆள் நடமாட்டம் குறைந்த சாலையில் ஸ்கூட்டரில் போகும் பெண் தன் தாலிச்செயினைப் புடவைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டுதான் போவார். கேட்டுக்கு வெளியே மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு முதல் கவலை சாலை. சாம்பல் லாரிகளும் ஷிஃப்ட் பேருந்துகளும் இருசக்கர வண்டிகளும் ஒரே நேரத்தில் நெருக்கும் அந்த அரை மணி நேரம். அடுத்தது, சம்பள நாளில் பாட்டில். புதுச்சேரி பக்கத்தில் இருப்பதால் எல்லை தாண்டிவரும் சாராயம் இந்த மாவட்டத்தின் தீராத தலைவலி. தாண்டவன்குப்பம் போன்ற பகுதிகளில் நிறுவன நிலத்தில் நெடுநாள் வாழ்பவருக்கோ முதல் வேண்டுகோள் வேறாக இருக்கும்: எங்கே இரும்பு திருடுபோனாலும் முதலில் எங்கள் பையன்களைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதுவும் காவல் முன்னுரிமைதான். அதைப் பட்டியலில் சேர்க்க மறுக்கும் கூட்டம் ஊர்க்கூட்டம் ஆகாது. பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டில் கூடும் கூட்டத்தின் பாதுகாப்பு ஒன்றில்தான் மூன்று தரப்பும் ஒன்றாகத் தலையாட்டும் என்று நினைக்கிறேன்.

நகரியத்தில் மக்களின் சார்பாகப் பேசும் பழக்கம் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தொழிற்சங்கங்கள் இருக்கின்றன; ரகசிய வாக்கெடுப்பில் அங்கீகாரம் பெறும் வலுவான சங்கங்கள். வீட்டு ஒதுக்கீடு முதல் மருத்துவமனைப் படுக்கை வரை அவர்கள் மூலமே பேசி முடிகிறது. ஆனால் சங்கம் பணியாளரின் பிரதிநிதி. பணியாளரின் மனைவிக்கும், பள்ளி மாணவிக்கும், பஜாரில் கடை வைத்திருப்பவருக்கும், வீட்டு வேலைக்கு வெளியிலிருந்து வரும் அம்மாவுக்கும் அது பிரதிநிதியாக முடியாது. மேலும் ஒரே நிறுவனமே முதலாளி, வீட்டுச் சொந்தக்காரர், நகர நிர்வாகம் மூன்றுமாக இருக்கும் ஊரில், விளக்கு எரியவில்லை என்று எழுத்தில் கொடுப்பதற்கும் ஒருவர் இருமுறை யோசிப்பார். இந்தத் தயக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் எந்த அமைப்பையும் கட்ட முடியாது.

ஊர்க்கூட்டம் சாதிக்கூட்டமாகிவிடாதா என்பது நான் மதிக்கும் எதிர்வாதம். கடலூர் மாவட்டம் அறிந்தவர் யாரும் இதை ஒதுக்க முடியாது. ஊரில் எண்ணிக்கையும் நிலமும் உள்ள தரப்பு மேசையைப் பிடித்துக்கொண்டு, காலனிப் பையன்கள் மெயின் ரோட்டில் நிற்பதைத் தடுப்பதே முன்னுரிமை என்று தீர்மானம் போடும் அபாயம் உண்மையானது. நபரையோ சாதியையோ தெருவையோ சுட்டும் எதுவும் முன்னுரிமை ஆகாது, செயலும் இடமும் நேரமும் மட்டுமே ஆகும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஊருக்கும் காலனிக்கும் சம இடம், கூட்டத் தலைமை சுழற்சி முறையில் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை என்று காவல்துறை சொல்வதும் பொய்யல்ல. பந்தோபஸ்துக்கு ஆட்களை அனுப்பிவிட்டு நிலையத்தில் நாலு பேரோடு இரவைக் கழிக்கும் இன்ஸ்பெக்டரிடம் இன்னொரு கூட்டம் என்றால் அவர் முகம் சுருங்கும். ஆனால் ஆள் குறைவாக இருக்கும்போதுதான் எது முதலில் என்ற கேள்விக்குப் பொருளே வருகிறது.

2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காவல் சீர்திருத்தத்துக்கு ஏழு உத்தரவுகள் இட்டது. தமிழகம் 2013இல் தன் சட்டத்தை இயற்றியது. மாவட்டப் புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை தாங்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்ல, சட்டம் ஆட்சியரைத் தலைவராக்கியது. அந்தக் குறையைத் தீர்க்கச் சட்டமன்றம் வேண்டும். நெய்வேலியில் முன்னுரிமைக் கூட்டம் தொடங்கச் சட்டமன்றம் வேண்டியதில்லை; மாவட்டக் கண்காணிப்பாளரின் ஒரு சுற்றறிக்கை போதும்.

என் முன்மொழிவு இது: நகரியம், தெர்மல், மந்தாரக்குப்பம் காவல் நிலையங்களின் எல்லைக்கு ஒரே மன்றம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை. நகரியத்தில் வட்டத்துக்கு இருவரை, ஒருவர் பெண், குடியிருப்பவர்களே கூடித் தேர்ந்து அனுப்பட்டும். காவல்துறையும் நிறுவனமும் பெயர் சொல்லக் கூடாது. வெளியிலிருந்து கங்கைகொண்டான் கவுன்சிலர்களும், ஊராட்சிகளில் கிராம சபை தேர்ந்தவர்களும் வரட்டும். ஒப்பந்தத் தொழிலாளருக்குத் தனி இடம் வேண்டும், அவர்கள் ஷிஃப்டுக்கு ஒத்த நேரத்தில். பெண்களுக்குத் தனிக் கூட்டம் முதலில் நடந்து, அதன் பட்டியல் பொது மன்றத்துக்கு வரட்டும். நகர நிர்வாகமும் தொழிற்பாதுகாப்புப் படையும் பதில் சொல்லும் வரிசையில் உட்காரட்டும். மூன்று முன்னுரிமைகள், அதற்கு மேல் வேண்டாம். அடுத்த கூட்டத்தின் முதல் வேலை, போன மூன்றில் என்ன நடந்தது என்று இன்ஸ்பெக்டர் வாசிப்பது. செய்ய முடியாததற்குக் காரணமும் வாசிப்பது. குறிப்பு தமிழில், பேருந்து நிலையத்திலும் பஜாரிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் ஒட்டப்படட்டும். உறுப்பினருக்கு அடையாள அட்டை வேண்டாம், தொப்பி வேண்டாம், ரோந்தும் வேண்டாம். போராட்டக்காரர்கள் யார் என்று துப்புக் கேட்கும் இடமாக இது மாறினால் அன்றோடு இதைக் கலைத்துவிடலாம்; நிலப்பிரச்சினை அரசும் நிறுவனமும் மக்களிடம் நேரடியாகத் தீர்க்க வேண்டியது.

தமிழக ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் இல்லாத ஊராட்சியிலும் தனி அலுவலர் சபையைக் கூட்டியாக வேண்டும். வடக்குத்திலும் இந்திரா நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருப்பவர்கள் அடுத்த சபையில், எங்கள் நிலைய எல்லைக்கு முன்னுரிமை மன்றம் வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். பேருந்து நிறுத்தத்தில் பட்டா புத்தகம் வைப்பதை அதில் முதல் கோரிக்கையாக எழுதுங்கள். நகரியத்தில் இருப்பவர்களுக்கு சபை இல்லை. வட்டத்துக்கு ஐம்பது கையெழுத்து வாங்குங்கள், தயங்குபவர்களுக்காகப் பெண்களும் ஓய்வுபெற்றவர்களும் முதலில் கையெழுத்திடுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு புதன்கிழமை கடலூருக்குக் கொண்டுபோய், கண்காணிப்பாளர் கையில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.